‘பெற்றோர் மேற்பார்வையில்’ என்று எழுதிவிட்டால் போதுமா?

மருந்துப் புட்டியில் ஒரு வரி இருக்கும்: ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.’ அதை யாரும் நின்று படிப்பதில்லை. ஆனாலும் அது எல்லாப் புட்டியிலும் இருக்கும். செயற்கை நுண்ணறிவைப் பற்றி நாம் வீட்டுக்கு அனுப்பும் தாள்களிலும் அப்படி ஒரு வரி வந்து உட்கார்ந்துவிட்டது: ‘பெற்றோர் மேற்பார்வையில் மட்டும் பயன்படுத்தவும்.’

நீங்களும் எழுதியிருப்பீர்கள். நானும் எழுதியிருக்கிறேன். பள்ளி விடுமுறைக்கு முன்னால் ஒரு தாள், பெற்றோர் சந்திப்பின்போது ஒரு தாள், எல்லாவற்றின் அடியிலும் அதே வரி. இந்தக் கட்டுரை அந்த வரியைப் பற்றிய விமர்சனம். அது தவறு என்று சொல்ல வரவில்லை. அதற்குள் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்ல வருகிறேன். அதுவும் தமிழ் வீட்டுப்பாடம் என்று வரும்போது, அந்த வரி யாரிடம் எதைக் கேட்கிறது என்று நாம் யோசித்துப் பார்த்ததே இல்லை.

தாளில் இருப்பவை

நம் தாள்கள் பொதுவாக நான்கு விஷயங்களைச் சொல்லும்: வயது, நேரம், சொந்தத் தகவல், மேற்பார்வை. முதல் மூன்றும் தேவையானவைதான்.

வயதை எடுத்துக்கொள்வோம். சாட்ஜிபிடியின் விதிப்படி 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் அதைப் பயன்படுத்தக்கூடாது. 18 வயது வரை பெற்றோர் சம்மதம் வேண்டும். யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டியும் வகுப்பறைக்கு 13 வயதையே எல்லையாகச் சொன்னது. நம் கல்வி அமைச்சும் கீழ்நிலை வகுப்புகளில் அவசரப்படவில்லை. தொடக்கநிலை 4இலிருந்துதான், அதுவும் ஆசிரியரின் பார்வையில் என்று நிதானமாகப் போகிறது.

ஆனால் இந்த 13 எங்கிருந்து வந்தது என்று நாம் பெற்றோரிடம் சொல்வதில்லை. அமெரிக்காவில் 1998இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் தகவலைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் இணையத்தளங்கள் திரட்டக்கூடாது என்றது. அதிலிருந்துதான் இந்த எண் இணையம் முழுக்கப் பரவியது. அதாவது இது தகவல் திரட்டும் வயது. ‘13 ஆனால் பிள்ளைக்குச் சரி தப்பு பிரிக்கத் தெரிந்துவிடும்’ என்று யாரும் ஆராய்ந்து சொன்ன வயது அல்ல. உயர்நிலை 1க்குப் போன பிள்ளையின் பெற்றோர் ‘இனிமே கவலை இல்ல டீச்சர், வயசு வந்துடுச்சு’ என்று சொல்லும்போது, அந்த நிம்மதியைக் கொடுத்தது நம் தாள்தான்.

அதோடு, எல்லைக்கோடும் இப்போது பழைய இடத்தில் இல்லை. கூகல் 2025இல் ஃபேமிலி லிங்க் வழியாக 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கும் ஜெமினியைத் திறந்துவிடத் தொடங்கியது. பெற்றோர் விரும்பினால் முடக்கலாம். ‘வயசு ஆகல, தொடாதே’ என்ற ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு இனி ஓட்ட முடியாது.

பூட்டு வேறு, பார்வை வேறு

பெற்றோரிடம் ‘மேற்பார்வை செய்யுங்கள்’ என்றால் பலர் முதலில் தேடுவது கைபேசியின் அமைப்புகளைத்தான். அதில் தப்பில்லை. சாட்ஜிபிடியில் 2025 செப்டம்பரில் பெற்றோர் கட்டுப்பாடுகள் வந்தன. பதின்ம வயதுப் பிள்ளையின் கணக்கைப் பெற்றோர் தம் கணக்கோடு இணைக்கலாம். பயன்படுத்தக்கூடாத நேரத்தைக் குறிக்கலாம். குரல் வசதியையும் நினைவில் வைத்துக்கொள்ளும் வசதியையும் நிறுத்தலாம். ஆனால் பிள்ளை என்ன கேட்டது, அது என்ன சொன்னது என்பதைப் பெற்றோர் படிக்க முடியாது. பெரிய ஆபத்து என்று பட்டால் அறிவிப்பு வரலாம், அவ்வளவுதான்.

ஆக, பூட்டு கதவைப் பார்த்துக்கொள்கிறது. உள்ளே நடக்கும் பேச்சை அது பார்ப்பதில்லை. பிள்ளை தவறான படத்தைப் பார்க்காமல் தடுக்கலாம், இரவு 10 மணிக்குமேல் பயன்படுத்தாமல் தடுக்கலாம். பிள்ளை தன் கட்டுரையைத் தானே எழுதாமல் போவதை எந்தப் பூட்டும் தடுக்காது.

ஒரு பணப்பையும் பத்தாயிரம் ரூபாயும்

தொடக்கநிலை 5 மாணவி ஒருத்தியின் கட்டுரை என்னிடம் வந்தது. கீழே கிடந்த பொருளை உரியவரிடம் ஒப்படைத்த அனுபவத்தை எழுத வேண்டும். எழுத்துப்பிழை இல்லை. பத்தி பிரித்திருந்தாள். இணைப்புச்சொற்கள் இருந்தன. ஆனால் கதையில் ஒரு பெரியவர் ஆட்டோவிலிருந்து இறங்குகிறார். பெட்டிக்கடை அருகில் பணப்பையைத் தவறவிடுகிறார். உள்ளே பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது. எழுதியவளோ வீவக வீட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை.

அம்மாவிடம் பேசினேன். “டீச்சர், நான் பக்கத்துலயேதான் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம்தான் கொடுத்தேன். பேரு, ஸ்கூல் எதுவும் போட விடல. தமிழ் பார்க்க நல்லா இருந்துச்சு, சரின்னு விட்டுட்டேன்” என்றார்.

“படிச்சுப் பார்த்தீங்களாம்மா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “பேச வரும் டீச்சர். படிக்கிறதுதான் கஷ்டம். உயர்நிலை நாலோட விட்டுப்போச்சு.”

இதில் அந்த அம்மாவைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நம் தாளில் இருந்த எல்லாவற்றையும் செய்திருக்கிறார். வயதைப் பார்த்துத் தம் கணக்கில் திறந்திருக்கிறார். நேரத்தை அளந்திருக்கிறார். தகவலைக் காத்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் நாம் சொல்லவில்லை.

மறுநாள் பிள்ளையைக் கூப்பிட்டு, “இந்தப் பெரியவர் எங்கம்மா ஆட்டோ புடிச்சாரு?” என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். “தெரியல ஆசிரியர். அதுதான் எழுதுச்சு.” சரி, உனக்கு நிஜமாவே அப்படி ஏதாவது நடந்திருக்கா என்றேன். நடந்திருந்தது. மின்தூக்கிக்குள் ஓர் ஈஸிலிங்க் அட்டை கிடந்திருக்கிறது. தாத்தாவிடம் கொடுத்திருக்கிறாள். தாத்தா ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். மூன்று நாள் யாரும் வரவில்லை. நான்காம் நாள் எட்டாவது மாடிச் சீனப் பாட்டி வந்து வாங்கிக்கொண்டு, இவள் கையில் இரண்டு ஆரஞ்சுப் பழத்தைத் திணித்திருக்கிறார். பாதி ஆங்கிலம், பாதி தமிழ், கை முழுக்க அபிநயம். பத்து நிமிடம் நிறுத்தாமல் சொன்னாள்.

அதுதான் கட்டுரை. அது எங்குமே எழுதப்படவில்லை. பத்தாயிரம் ரூபாய் என்ற பிழையைச் சிவப்பு மையில் வட்டமிடலாம். தாத்தா ஒட்டிய தாள் வராமல் போனதை எந்த மையில் வட்டமிடுவது? ‘பாதுகாப்பு’ என்று நாம் பேசும்போது இந்த இழப்பையும் சேர்த்துத்தான் பேச வேண்டும் என்பது என் கருத்து.

தமிழில் மட்டும் ஏன் இது கூடுதல் சிக்கல்?

கணக்கிலோ ஆங்கிலத்திலோ பிழை வந்தால் நம் பெற்றோரில் பலருக்குக் கண்ணில் படும். தமிழில் அப்படி இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு, 2010இல் இது 3.3 விழுக்காடு. அதே பத்தாண்டில் வீட்டில் அதிகமாக ஆங்கிலம் பேசுவோர் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3க்கு ஏறினர். நம் பிள்ளைகளின் வீடுகளும் இந்தக் கணக்குக்குள்தான் இருக்கின்றன. தமிழை மேற்பார்வை செய்யுங்கள் என்று நாம் கேட்கும் இடத்தில், தமிழ் படிக்கத் தயங்கும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொரு பக்கம் கருவியின் தமிழ். இந்தக் கருவிகள் அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்து எழுதுபவை. அவை படித்த எழுத்தில் ஆங்கிலம் மலையளவு, தமிழ் ஒரு பிடி. அந்த ஒரு பிடியிலும் சிங்கப்பூர்த் தமிழ் எவ்வளவு இருக்கும்? அதனால்தான் மின்தூக்கி வரவேண்டிய இடத்தில் ‘லிஃப்ட்’ வருகிறது. உணவங்காடி நிலையம் டீக்கடை ஆகிறது. வெள்ளி ரூபாய் ஆகிறது. முன்பெல்லாம் ண, ன குழப்பத்தை வைத்தே கருவியின் தமிழைக் கண்டுபிடித்துவிடுவோம். இப்போது எழுத்துப்பிழை குறைந்துவிட்டது. பிழை இல்லாத எழுத்தில் பிழையான பொருள் வருவதுதான் இன்றைய தொல்லை. ‘கம்பி நீட்டினான்’ என்பதற்கு ‘கம்பியை நேராக்கினான்’ என்று ஒரு விளக்கம் ஒரு மாணவனின் பயிற்சித்தாளில் வந்தது. நழுவி ஓடியவன் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்! சிரிக்கலாம். ஆனால் அந்தப் பையன் அதை நம்பி மனப்பாடம் செய்திருந்தான்.

பேச்சுத்தமிழ் இன்னொன்று. 2005இல் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு நாம் வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் கொடுத்தோம். வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்துவிட்டுப் பிள்ளை இயல்பாகப் பேச வேண்டும் என்கிறோம். வீட்டிலோ பிள்ளை கருவியிடம் விடை வாங்கி, எழுத்துத்தமிழை ஒப்பித்துப் பழகுகிறது. “நான் அக்காணொளியில் கண்டது யாதெனில்” என்று பத்து வயதுப் பிள்ளை தொடங்கும்போது நமக்குத் தெரிந்துவிடுகிறது, வீட்டில் யாரோடு பேசிப் பழகியது என்று.

தப்பு நம்மிடமும் இருக்கிறது

‘சொந்தத் தகவலைக் கருவியிடம் கொடுக்காதே’ என்று தாளில் எழுதுகிறோம். சரி. நாம் கொடுக்கும் கட்டுரைத் தலைப்புகளைக் கொஞ்சம் பாருங்களேன்: என்னைப் பற்றி. என் குடும்பம். என் பள்ளி. நான் வசிக்கும் வட்டாரம். என் நெருங்கிய நண்பன். பிள்ளை இவற்றை நேர்மையாகத் தானே எழுதி, ‘பிழை திருத்து’ என்று கருவியில் ஒட்டினாலே போதும். பெயர், பள்ளி, வீட்டுப் புளோக், அப்பாவின் வேலை, தோழியின் பெயர் எல்லாம் ஒரே பத்தியில் போய்விடும். அந்தத் தோழியிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. பெற்றோரை எச்சரித்த அதே கையால் நாமே அந்தத் தகவலைத் திரட்டிக் கொடுக்கச் சொல்கிறோம்.

இன்னொரு பக்கம், எங்கும் எதற்கும் பொருந்துகிற தலைப்புகள்: நேர்மை, தண்ணீரின் முக்கியத்துவம், ஒழுக்கத்தின் சிறப்பு. இவற்றுக்கு எந்தக் கருவியும் ஒரு நிமிடத்தில் எழுதிக் கொடுக்கும். மனப்பாடம் செய்து எழுதலாம் என்று நாமே பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டோம். அந்த மனப்பாடத்தை இப்போது இயந்திரம் செய்கிறது. கோபப்பட நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

அந்த ஒரு வரிக்குப் பதிலாக

‘மேற்பார்வையில்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, தமிழ் படிக்கத் தெரியாத பெற்றோரும் செய்யக்கூடிய ஐந்து காரியங்களை நான் இப்போது தாளில் எழுதுகிறேன். ஆங்கிலத்திலும் தமிழிலும் சேர்த்தே அனுப்புகிறேன். இது ஒரு தொடக்கம்தான். உங்கள் வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலாவது, கருவியைத் திறக்கும் முன் பிள்ளை இரண்டு நிமிடம் வாயால் சொல்லட்டும். அம்மாவிடம், தாத்தாவிடம், பாட்டியிடம், யாரிடமானாலும். எந்த மொழி கலந்தாலும் பரவாயில்லை. சொன்னது பிள்ளையின் சொந்தக் கதையா என்று மட்டும் கேட்பவர் கவனித்தால் போதும். பிறகு கருவியிலிருந்து வருவதில் அந்தக் கதை இல்லை என்றால், அது வேறு யாருடைய கட்டுரையோ.

இரண்டாவது, எழுதி முடித்ததைப் பிள்ளை வாய்விட்டு வாசிக்கட்டும். தமிழ் படிக்கத் தெரியாத அப்பாவுக்கும் காது இருக்கிறது. பிள்ளை எந்தச் சொல்லில் தடுக்கி விழுகிறதோ அங்கே நிறுத்தி, “இதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்கட்டும். சொல்லத் தெரியவில்லை என்றால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டுத் தெரிந்த சொல்லைப் போடலாம். எளிய சொல்லுக்காக நாம் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டோம் என்பதையும் தாளிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரும் துணிந்து எடுக்கமாட்டார்கள்.

மூன்றாவது, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு தகவலைச் சரிபார்க்கட்டும். திருக்குறள் இதற்கு நல்ல பயிற்சி. மொத்தம் 133 அதிகாரம், அதிகாரத்துக்குப் 10 குறள், ஆக 1330. அன்புடைமை 8ஆம் அதிகாரம். அப்படியானால் அதன் குறள்கள் 71 முதல் 80 வரைதான் இருக்க வேண்டும். கருவி ‘அன்புடைமை, குறள் 214’ என்றால், பொருள் தெரியாத பெற்றோருக்கும் பொய் என்று தெரிந்துவிடும். பிறகு புத்தகத்தைத் திறந்து, அந்த எண்ணில் அந்தக் குறள்தான் இருக்கிறதா என்று பார்க்கலாம். ‘இவ்வளவு உறுதியா பேசுறது தப்பாவும் சொல்லும்’ என்பதைப் பிள்ளை தன் கையால் பிடித்துப் பார்ப்பதுபோல் எந்த எச்சரிக்கையும் பாடம் கற்பிக்காது.

நான்காவது, பெயர்களை மாற்றட்டும். தன் பெயர், தோழியின் பெயர், பள்ளி, புளோக் எண், அடையாள அட்டை எண் எதுவும் வேண்டாம். பள்ளிச் சீருடையில் எடுத்த படமும் வேண்டாம். ‘மலர்’ என்றோ ‘நிலா’ என்றோ கற்பனைப் பெயர் வைப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். திருத்தி முடித்தபின் தாளில் உண்மைப் பெயரை எழுதிக்கொள்ளலாம்.

ஐந்தாவதுதான் ஆக முக்கியம். பிள்ளை தன் மனக்கவலையைக் கருவியிடம் சொல்லியிருப்பது தெரிந்தால் திட்டக்கூடாது. “அதுகிட்ட சொன்னே, என்கிட்ட ஏன் சொல்லல?” என்று கேட்கவும் கூடாது. “என்கிட்டயும் சொல்லு” என்றால் போதும். இது மிகைப்படுத்தல் இல்லை. பாத்திரங்களோடு பேசவைக்கும் கேரக்டர் ஏஐ நிறுவனமே 2025 நவம்பரில் 18 வயதுக்கு உட்பட்டோரின் தங்குதடையற்ற உரையாடலை நிறுத்தியது. வீட்டுப்பாடத்துக்குத் திறந்த சன்னல் வழியாகவே தனிமையும் உள்ளே போகும். பள்ளியில் ஆலோசகர் இருக்கிறார் என்பதையும் அந்த இடத்திலேயே எழுதிவிடுங்கள்.

முழுக்கத் தடுத்துவிட்டால் என்ன?

சிலர் கேட்பார்கள்: இவ்வளவு சிரமம் எதற்கு, தமிழுக்கு மட்டும் கருவி வேண்டாம் என்று சொல்லிவிடலாமே? எனக்கும் ஒரு காலத்தில் அந்த ஆசை இருந்தது. ஆனால் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ் பேச ஆளில்லாத வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு ஒரு பிள்ளைக்கு ‘தயக்கம்’ என்றால் என்ன என்று தெரியவில்லை. அகராதி எடுத்துத் தர ஆளில்லை. துணைப்பாட ஆசிரியர் தூங்கப் போய்விட்டார். அந்த நேரத்தில் தமிழில் பதில் சொல்லும் ஒரே குரல் அதுதான். அந்தக் கதவையும் சாத்தினால், பிள்ளை தமிழ் நோட்டை மூடிவிட்டு வேறு பாடத்துக்குப் போய்விடும்.

அதனால் விடை வாங்குவதற்குப் பதிலாகக் கேள்வி வாங்கப் பழக்கலாம். ‘எனக்குக் கட்டுரை எழுதிக் கொடு’ என்பதற்குப் பதில், ‘நான் ஒரு கதை சொல்கிறேன், நீ என்னிடம் ஐந்து கேள்வி கேள், நீயாக எதையும் எழுதாதே’ என்று பிள்ளை தட்டச்சு செய்யட்டும். கேள்விகளுக்குப் பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டும். மின்தூக்கி எந்த மாடியில் நின்றது, தாத்தா தாளில் என்ன எழுதினார் என்று அது கேட்டால், அந்தக் கதை வெளியே வந்துவிடும். கருவியின் நல்ல பயன் இதுதான் என்று படுகிறது. சொந்தக் கதையைப் பிள்ளையிடமிருந்தே வாங்கித் தருவது.

நம் பக்கத்திலும் மூன்று மாற்றம் வேண்டும். பிள்ளை தானே பார்த்தது, கேட்டது இல்லாமல் எழுத முடியாத தலைப்பைக் கொடுப்போம். முதல் வரைவை வகுப்பில் கையால் எழுதவைத்து வாங்கி வைப்போம். கட்டுரையைத் திருப்பித் தரும்போது ஒரு நிமிடம் நிற்கவைத்து, “இந்த இடத்தை எனக்குச் சொல்லிக் காட்டு” என்போம். முப்பது பிள்ளைகளுக்கு இது முடியுமா என்றால், ஒரே நாளில் முடியாது. வாரத்துக்கு ஐந்து பிள்ளை என்றால் ஒரு தவணைக்குள் எல்லாரும் ஒருமுறை நம்மோடு தமிழில் பேசியிருப்பார்கள்.

அந்த மாணவி கட்டுரையை மறுபடி எழுதினாள். இந்தமுறை மூன்று எழுத்துப்பிழை, ஓர் இடத்தில் காலம் மாறியிருந்தது. எட்டாவது மாடிப் பாட்டி இருந்தார். இரண்டு ஆரஞ்சுப் பழமும் இருந்தன. அம்மா கையொப்பம் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார், இதை அவள் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினாள் என்று.

மேற்பார்வை என்று நான் எழுதிக் கொடுத்தது என்னவென்று அன்றைக்குத்தான் எனக்கே புரிந்தது. அடுத்த தாளை நீங்கள் அனுப்பும்போது அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டு இப்படி எழுதிப் பாருங்கள்: ‘உங்கள் பிள்ளை இதை யாருக்காவது வாய்விட்டு வாசித்துக் காட்டட்டும். கேட்டவர் இங்கே கையொப்பம் இடவும்.’